மலைமடியில் வெந்நீர் விடுதி: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் சிங்கப்பூரிலிருந்து போகும் டிசம்பர் பள்ளி விடுமுறைப் பயணங்களைப் பற்றி எழுதியபோது, ஜப்பானின் மலைப்பகுதிகளில் உள்ள பழைய வெந்நீரூற்று விடுதிகளை ஒரே ஒரு பத்தியில் தொட்டுச் சென்றிருந்தேன். அந்தப் பத்தியைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்களே மிகுதி. ஆகவே இம்மாதப் பக்கங்களை முழுவதும் அவற்றுக்கே ஒதுக்கிவிட்டேன்.

உலகிலேயே மிகப் பழைய தங்கும் விடுதி ஜப்பானில்தான் இருக்கிறது என்று படித்தேன். அம்மா, கணவர், பிள்ளைகள் இருவர், நான் என ஐவர் போகிறோம். மலைக்கு ஓர் இரவுதான் ஒதுக்க முடியும். அந்த விடுதிக்கே போய்விடலாமா?
– வாசகி, செங்காங்

போகலாம். ஆனால் ‘பழமை’ என்று நீங்கள் எதைத் தேடுகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். நீங்கள் படித்தது யமனாஷி மாநிலத்தின் ஹயக்காவா பள்ளத்தாக்கில் உள்ள நிஷியாமா ஒன்சென் கெய்யுன்கானைப் பற்றியதாக இருக்க வேண்டும். (‘ஒன்சென்’ என்றால் வெந்நீரூற்று.) 705ஆம் ஆண்டில் தொடங்கியதாகக் கூறப்படும் அந்த விடுதியை, உலகின் மிகப் பழைய விடுதி என்று கின்னஸ் 2011இல் ஏற்றுக்கொண்டது. ஏறத்தாழ அதே காலத்தைச் சேர்ந்த இன்னொன்று, இஷிக்காவா மாநிலத்தின் அவாஸு ஊரில் 718இல் தோன்றியதாகக் கூறப்படும் ஹோஷி விடுதி. இவற்றின் வயது தொடர்ச்சியின் வயது. கட்டடத்தின் வயது அன்று. தமிழ்நாட்டில் பாடல்பெற்ற தலம் ஒன்றுக்குப் போய், அண்மையில் எழுப்பிய ராஜகோபுரத்தை அண்ணாந்து பார்ப்பதைப் போலத்தான் கெய்யுன்கானும். ஊற்றும் வரலாறும் பழையவை. நீங்கள் தங்கப்போகும் அறையோ நம் காலத்தது. வசதியாக இருக்கும், குறை சொல்ல முடியாது. ஆனால் படி ஏறும்போது கிறீச்சிடும் மரத்தளத்தையும் புகையேறிக் கறுத்த உத்தரத்தையும் மனத்தில் வைத்துக்கொண்டு போனால் ஏமாந்து திரும்புவீர்கள்.

மரத்தாலான பழைய கட்டடமே வேண்டும் என்றால் தோக்கியோவுக்கு வடமேற்கே உள்ள குன்மா மாநிலத்தைப் பாருங்கள். அங்குள்ள ஷிமா ஒன்சென் ஊரில் செகிஸென்கான் என்ற விடுதி இருக்கிறது. அதன் முதன்மைக் கட்டடம் 1691இல் எழுந்தது. ஆற்றின் குறுக்கே உள்ள சிறிய சிவப்புப் பாலத்தைக் கடந்ததும் அதன் வாசலில் நிற்பீர்கள். 1930இல் அங்கே கட்டிய ‘கென்ரோகு’ குளியல் கூடம், சுற்றிலும் வளைவுச் சன்னல்களும் நடுவே தரையோடு தரையாக ஐந்து கல்தொட்டிகளுமாக, பழைய ஐரோப்பிய மண்டபம் ஒன்றைக் கொண்டுவந்து மலையிடுக்கில் வைத்தது போலிருக்கும். உடை மாற்றுவதற்குத் தனியறை கிடையாது. தொட்டிகள் இருக்கும் அதே கூடத்தின் ஓரத்தில்தான் உடைகளைக் கழற்றி வைக்க வேண்டும்.

அதே மாநிலத்தில் மினக்காமி பக்கம், மலைச்சாலை முடியும் இடத்தில் தனியாக நிற்கும் ஹோஷி ஒன்சென் ச்சோஜுகான் 1875இல் தொடங்கியது. (மேலே சொன்ன இஷிக்காவா ஹோஷியும் இந்த ஹோஷியும் வெவ்வேறு. பெயர் ஒன்றாக ஒலிப்பதால் முன்பதிவு செய்யும்போது ஊர்ப்பெயரைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.) 1895இல் கட்டிய இதன் குளியல் கூடத்தில் வெந்நீர் குழாய் வழியாக வருவதில்லை. ஊற்றின் மேலேயே தொட்டியைக் கட்டியிருக்கிறார்கள். அடியில் பரப்பிய கூழாங்கற்களின் இடுக்கிலிருந்து நீர் குமிழி குமிழியாக எழும். அசையாமல் உட்கார்ந்திருந்தால் ஒரு குமிழி உங்கள் முதுகைத் தொட்டு ஏறுவதை உணரலாம். எனக்குப் பிடித்தது இதுதான். ஆனால் இதன் பெரிய கூடம் ஆண்களும் பெண்களும் சேர்ந்து குளிக்கும் வழக்கத்தை இன்றும் காப்பது. இரவில் பெண்களுக்கென்றே ஒதுக்கிய நேரம் உண்டு என்றாலும், அம்மாவையும் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு முதன்முதலாகப் போகிறவர்களுக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். செகிஸென்கானில் பழைய கட்டடத்துடன் பிற்காலத்துக் கட்டடங்களும் இணைந்திருப்பதால், அம்மாவுக்கு வசதியான அறையை அங்கே எடுத்துக்கொண்டு பழைய கூடத்தில் குளித்து வரலாம். உங்கள் ஐவருக்கும் அதுவே பொருந்தும்.

வெட்கத்தை விட்டுக் கேட்கிறேன். அங்கே உடையே இல்லாமல்தான் குளிக்க வேண்டுமா? நீச்சலுடை அணியக்கூடாதா? தாலியைக் கழற்றச் சொல்வார்களா?
– வாசகி, உட்லண்ட்ஸ்

இதே கேள்வியை இன்னும் நால்வர், ஆண்கள் உட்பட, சுற்றி வளைத்துக் கேட்டிருக்கிறார்கள். நேராகக் கேட்டவர் நீங்கள்தான். ஆம், உடையின்றித்தான். நீச்சலுடைக்கு இடமில்லை. பெரும்பாலான விடுதிகளில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் குளியலறைகள் தனித்தனி. வாசலில் தொங்கும் திரை பொதுவாக ஆண்களுக்கு நீலமாகவும் பெண்களுக்குச் சிவப்பாகவும் இருக்கும். பல இடங்களில் இரவோடு இரவாக இரண்டையும் இடம் மாற்றிவிடுவார்கள் என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள். முதல் நாள் மாலை குளித்த அறைதானே என்று விடியற்காலையில் தூக்கக் கலக்கத்தோடு நுழையாமல், ஒவ்வொரு முறையும் திரையைப் பார்த்துவிட்டு உள்ளே போங்கள்.

உள்ளே என்ன நடக்கும் என்பது தெரிந்துவிட்டால் பாதிக் கூச்சம் போய்விடும். உடைகளைக் கூடையில் வைத்துவிட்டு, கைக்குட்டையைவிடச் சற்று நீளமான ஒரு மெல்லிய துண்டை மட்டும் எடுத்துக்கொண்டு போவீர்கள். நடக்கும்போது முன்னால் மறைத்துக்கொள்ள அது போதும். சுவரோரமாகச் சிறு முக்காலிகளும் குழாய்களும் இருக்கும். அங்கே உட்கார்ந்து சோப்புப் போட்டுத் தேய்த்து, நுரை ஒரு துளியும் உடம்பில் தங்காதபடி கழுவிய பிறகே தொட்டியில் இறங்க வேண்டும். அந்தப் பெரிய தொட்டி அழுக்குப் போக்குவதற்கு இல்லை. முன்பே சுத்தமானவர்கள் சும்மா உட்கார்ந்திருப்பதற்கு. அடுத்து வருகிறவரும் அதே நீரில்தான் இறங்குவார். தலைமுடி நீரில் படாமல் உயர்த்திக் கட்டிக்கொள்ளுங்கள். துண்டை நீரில் நனைக்காமல் மடித்துத் தலைமேலோ கரையிலோ வையுங்கள். நம்மவர்களுக்கென்று இரண்டு சொற்கள் கூடுதலாகச் சொல்கிறேன்: அன்று காலை தலையில் எண்ணெய் வைக்காதீர்கள், முகத்தில் பூசிய மஞ்சளையும் நெற்றிக் குங்குமத்தையும் முன்பே கழுவிவிடுங்கள். எவரும் எவரையும் பார்ப்பதில்லை என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். என் மனைவியும் நம்பவில்லை. முதல் 5 நிமிடம் கழுத்தளவு நீரில் பதுங்கி உட்கார்ந்திருந்தவர், மறுநாள் காலை எனக்கு முன்பே எழுந்து போய்விட்டார்.

அப்படியும் மனம் ஒப்பவில்லை என்றால், குடும்பத்துக்கென்று முன்பதிவு செய்துகொள்ளும் தனிக் குளியலறைகள் பல விடுதிகளில் உண்டு. ‘காஷிகிரி’ என்று கேளுங்கள். முக்கால் மணி நேரமோ ஒரு மணி நேரமோ உள்ளே தாழிட்டுக்கொண்டு குளிக்கலாம்.

தாலியைக் கழற்றச் சொல்லி எவரும் கட்டாயப்படுத்த மாட்டார்கள். ஆனால் மஞ்சள் கயிற்றில் கோத்திருந்தால் சாயம் நீரில் இறங்கும். அது மற்றவர்களுக்கு இடைஞ்சல். சங்கிலியாக இருந்தால் ஊற்றின் வகையைப் பாருங்கள். குசாட்சு போன்ற கந்தக ஊற்றுகளில் வெள்ளி சிறிது நேரத்திலேயே கறுத்துவிடும். ஆகவே மெட்டியும் கொலுசும் அறையிலேயே இருக்கட்டும். 916 தங்கத்திலும் செம்பும் வெள்ளியும் சிறிதளவு கலந்திருப்பதால் நிறம் மங்க வாய்ப்பு உண்டு. மேலே நான் சொன்ன ஷிமா, மினக்காமி ஊற்றுகள் சல்ஃபேட் வகையைச் சேர்ந்தவை. கந்தக ஊற்றுகளைப் போல நகையைக் கறுக்க வைப்பவை அல்ல.

நாங்கள் சுத்த சைவம். ‘வெஜிடேரியன்’ என்று முன்பதிவில் குறிப்பிட்டால் போதுமா?
– வாசகர், சிராங்கூன்

போதவே போதாது. அந்தச் சொல்லை நம்பிப் போய் வெறும் சோற்றைத் தின்றுவிட்டு வந்தவர்களை எனக்குத் தெரியும். ஜப்பானியச் சமையலின் அடித்தளம் ‘தாஷி’ என்ற சாறு. கொம்பு என்ற கடற்பாசியையும், சூரை வகை மீனை வேகவைத்துப் புகையூட்டி மரக்கட்டை போல் உலர்த்திச் சீவிய துருவலையும் கொண்டு அதைச் செய்கிறார்கள். நம் வீட்டில் ரசத்துக்குப் பருப்புத்தண்ணீர் எப்படியோ அப்படி. மிசோ என்ற புளித்த சோயா விழுதில் செய்யும் சூப், தோஃபுவின் மேல் ஊற்றும் சாறு, காய்கறி அவியல், தெம்புரா தொட்டுக்கொள்ளும் குழம்பு, சோபா நூடல்ஸின் சாறு எல்லாவற்றிலும் அது இருக்கும். தட்டில் மீன் துண்டு கண்ணில் படாததால், சமைத்தவரும் தாம் சைவம்தான் பரிமாறியதாக உண்மையாகவே எண்ணிக்கொண்டிருப்பார். அவரை ஏமாற்றுக்காரர் என்று சொல்ல முடியாது. ‘சைவம்’ என்ற சொல்லின் எல்லை அங்கே வேறு.

ஆகவே முன்பதிவு செய்யும்போதே, இறைச்சி, மீன், கடலுணவு வேண்டாம் என்பதோடு மீன் துருவலில் செய்த தாஷியும் வேண்டாம் என்றும், கொம்பிலோ உலர்ந்த ஷீத்தாக்கே காளானிலோ செய்த தாஷி ஏற்புடையது என்றும் எழுதுங்கள். முட்டை, பால் சேர்ப்பீர்களா என்பதையும் சொல்லுங்கள். ‘ஷோஜின் ரியோரி’ என்ற புத்தத் துறவியரின் உணவு முறையைக் குறிப்பிட்டால் அவர்களுக்கு உடனே விளங்கும். அந்த முறையில் வெங்காயமும் பூண்டும்கூடச் சேர்வதில்லை என்பதால், விரத நாளில் அவற்றைத் தவிர்க்கும் நம்மவர்களுக்கு அது மிகவும் ஏற்றது. மலை விடுதியில், கேட்டதும் ஓடிப்போய் வாங்கி வரப் பேரங்காடி கிடையாது. எத்தனை பேர் வருகிறார்கள் என்று கணக்கிட்டு, பத்துப் பன்னிரண்டு சிறு கிண்ணங்களில் அடுத்தடுத்து வரும் இரவு உணவை முன்கூட்டியே திட்டமிடுகிறார்கள். போய் இறங்கிய பிறகு சொல்வது பயனற்றது மட்டுமல்ல, அவர்களைச் சங்கடப்படுத்துவதும் ஆகும். எங்களால் இயலாது என்று விடுதி பதில் எழுதினால் கோபிக்காதீர்கள். அரைகுறையாகச் சமைத்துப் போடுவதைவிட அந்த நேர்மை மேல். வேறு விடுதியைத் தேடுங்கள்.

கைக்காவலாக எதையாவது எடுத்துப்போவதென்றால் பருப்புப் பொடி, ஊறுகாய் போன்றவை இருக்கட்டும். பச்சைக் கறிவேப்பிலை போன்ற தாவரப் பொருள்களைச் சுகாதாரச் சான்று இல்லாமல் ஜப்பானுக்குள் கொண்டுபோக முடியாது. மின்கெட்டிலில் நூடல்ஸ் கிளறுவது, அறையில் ஊதுபத்தி ஏற்றுவது ஆகியவற்றை அருள்கூர்ந்து தவிர்த்துவிடுங்கள். 300 ஆண்டு மரக்கட்டடத்தில் இருப்பவர்களுக்கு நெருப்பைப் பற்றிய அச்சம் எவ்வளவு என்று நினைத்துப் பாருங்கள்.

அப்பாவுக்கு 71 வயது. இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார். வெந்நீரூற்றில் குளித்தால் மூட்டுவலி தீரும் என்று சொல்கிறார்களே?
– வாசகர், ஜூரோங் வெஸ்ட்

ஷிமா என்ற பெயரை எழுதும் எழுத்துகளுக்கு ‘நாற்பதாயிரம்’ என்று பொருள். நாற்பதாயிரம் நோய்களைத் தீர்க்கும் நீர் என்று அதற்குக் கதையும் சொல்வார்கள். அக்காலத்தில் உழவர்கள் அறுவடை முடிந்ததும் அரிசியையும் மிசோவையும் மூட்டை கட்டிக்கொண்டு மலையேறி, தாங்களே சமைத்துச் சாப்பிட்டு, ஏழு நாளை ஒரு சுற்றாகக் கணக்கிட்டு இரண்டு மூன்று சுற்றுகள் தங்கிக் குளித்தார்கள். ‘தோஜி’ என்பது அந்த வழக்கத்தின் பெயர். குனிந்து நட்டு நிமிர்ந்து அறுத்த உடம்புக்கு வாரக்கணக்கில் வெந்நீரும் ஓய்வும் கிடைத்தால் வலி குறையாமலா இருக்கும்? நீங்கள் தங்கப்போவது ஓர் இரவு. சூட்டினால் தசை தளர்ந்து அப்பாவுக்கு அன்றிரவு நல்ல உறக்கம் வரலாம்; அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள்.

கவனிக்க வேண்டியது வேறு. டிசம்பரில் உடை மாற்றும் இடம் நடுநடுங்கக் குளிராக இருக்கும். அங்கே உடையைக் கழற்றும்போது இரத்த அழுத்தம் எகிறும். சூடான நீரில் இறங்கிச் சிறிது நேரத்தில் அது சட்டென்று இறங்கும். சடக்கென்று எழுந்தால் தலை சுற்றி விழவும் நேரலாம். ஆண்டுதோறும் குளிர்காலத்தில் ஜப்பானிய முதியவர்கள் பலர் சொந்த வீட்டுக் குளியல் தொட்டியிலேயே இவ்வாறு உயிரிழக்கிறார்கள். நீர் 41 டிகிரி செல்சியசுக்கு மேற்படாமலும், தொட்டியில் இருப்பது 10 நிமிடத்துக்கு மேற்படாமலும் பார்த்துக்கொள்ளும்படி அந்நாட்டு நுகர்வோர் விவகார அமைப்பு அறிவுறுத்துகிறது. விடுதித் தொட்டிகள் பலவற்றில் நீர் இதைவிடச் சூடாகவே இருக்கும். சூடு குறைந்த தொட்டி எது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இறங்குமுன் பாதத்திலிருந்து தொடங்கி மேல்நோக்கி வெந்நீரை மொண்டு மொண்டு ஊற்றி உடம்பைப் பழக்கட்டும். சாப்பிட்ட உடனும் மது அருந்திய பின்னும் வேண்டாம். முன்னும் பின்னும் தண்ணீர் குடிக்கட்டும். நீங்கள் கூடவே இருங்கள். புறப்படுமுன் அவருடைய மருத்துவரைக் கேட்டுவிடுங்கள். அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

இன்னொன்று, தரையில் விரித்த மெத்தையிலிருந்து எழுவது மூட்டுவலிக்காரருக்குப் பெரும்பாடு. கட்டில் போட்ட அறை உண்டா என்று முன்பே கேளுங்கள். பழைய கட்டடம் என்றால் மின்தூக்கி உண்டா, கழிப்பறை அறைக்குள்ளேயே இருக்கிறதா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

செம்பவாங்கிலேயே வெந்நீரூற்று இருக்கும்போது 7 மணி நேரம் விமானத்தில் பறக்க வேண்டுமா?
– வாசகர், ஈசூன்

செம்பவாங் ஊற்றின் நீர் 70 டிகிரி செல்சியஸ். முட்டை வேகவைக்கலாம், ஆறவைத்துக் கால் நனைக்கலாம். 2020இல் பூங்காவாகத் திறந்ததிலிருந்து நானும் பலமுறை போயிருக்கிறேன். ஆனால் நம் ஊர் வெயிலில் வெந்நீரில் கால் வைப்பதும், சன்னலுக்கு வெளியே பனி விழும்போது கழுத்தளவு வெந்நீரில் இருப்பதும் ஒன்றாகுமா, நீங்களே சொல்லுங்கள்.

உண்மையான ஊற்றுநீரா, குழாய்நீரைச் சுடவைத்ததா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
– வாசகி, தோ பாயோ

உடை மாற்றும் அறையின் சுவரைப் பாருங்கள். 1948ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஊற்றுவாயில் நீர் 25 டிகிரிக்குக் குறையாமல் இருக்க வேண்டும். அல்லது குறிப்பிட்ட 19 பொருள்களில் ஒன்றாவது போதிய அளவு கலந்திருக்க வேண்டும். நீரில் என்னென்ன இருக்கின்றன, யார் யார் குளிக்கக்கூடாது என்பதைச் சுவரில் எழுதி வைப்பதும் கட்டாயம். 2004இல் சில ஊர்களில் குளியல் பொடி கலந்து நீரை வெண்மையாக்கியதும், சாதாரண நீரை ஊற்றுநீர் என்று சொல்லி ஏமாற்றியதும் வெளியாகிப் பெரும் பரபரப்பானது. அதனால், நீர் சேர்க்கிறார்களா, சூடேற்றுகிறார்களா, வடிகட்டிச் சுழற்றுகிறார்களா என்பதையும் தெரிவிக்க வேண்டும் என்று 2005இல் விதி வந்தது. ஊற்றிலிருந்து வந்து தொட்டி நிரம்பி வழிந்தோடிவிடும் நீருக்கு ‘காக்கெநகாஷி’ என்று பெயர். அந்தச் சொல் இருக்கும் விடுதியைத் தேர்ந்தெடுங்கள்.

இணையத்தில் பார்த்த விலைக்கும் விடுதி கேட்கும் விலைக்கும் ஏன் இத்தனை வேறுபாடு? எத்தனை மணிக்குப் போய்ச் சேர்ந்தால் நல்லது?
– வாசகர், பொங்கோல்

நீங்கள் அறை விலை என்று நினைத்தது ஓர் ஆளுக்கான விலை. பழைய விடுதிகள் ஓர் இரவையும் இருவேளை உணவையும் சேர்த்து, தலைக்கு இவ்வளவு என்றே கணக்கிடுகின்றன. ஐவர் என்றால் ஐந்தால் பெருக்குங்கள். பிள்ளைகளுக்குச் சற்றுக் குறையும். அதோடு ஆளுக்கு ஒரு நாளைக்குப் பெரும்பாலும் 150 யென் குளியல் வரி உண்டு.

பிற்பகல் 3 மணிக்குப் போய்ச் சேருங்கள். மறுநாள் காலை 10 மணிக்குள் கிளம்பச் சொல்லிவிடுவார்கள் என்பதால், தாமதமாகும் ஒவ்வொரு மணி நேரமும் உங்கள் காசுதான். ஷிமாவுக்கு உவேனோ நிலையத்திலிருந்து விரைவு ரயிலில் நகனோஜோ வரை ஏறத்தாழ 2 மணி நேரம். பிறகு பேருந்தில் 40 நிமிடம். ச்சோஜுகானுக்கு ஷின்கான்சென் அதிவேக ரயிலில் ஜோமோ கோகென் போய், அங்கிருந்து இரண்டு பேருந்துகள் மாற வேண்டும். மலைப் பேருந்துகள் நம் ஊர்ப் பேருந்துகளைப் போல 10 நிமிடத்துக்கு ஒன்று வருபவை அல்ல. ஒருமுறை நாங்கள், ரயில் நிலையக் கடையில் தின்பண்டம் வாங்கிக்கொண்டு நின்றதில் பேருந்தைக் கோட்டைவிட்டோம். அடுத்ததைப் பிடித்து விடுதி வாசலை மிதித்தபோது இரவு 7.30. இரவு உணவோ 6 மணிக்கு. சமையலறையை மூடாமல் எங்களுக்காகக் காத்திருந்த அந்த வயதான அம்மையார், ஒரு சொல் கடிந்துகொள்ளவில்லை. வணங்கி உள்ளே அழைத்துப் போனார். ஆறிப்போன கிண்ணங்களின் முன் தலை குனிந்து சாப்பிட்டதை இன்று நினைத்தாலும் கூசுகிறது. திட்டியிருந்தால்கூடத் தேவலாம்.

பெரிய பெட்டிகளைத் தோக்கியோ விடுதியிலேயே ஒப்படைத்துவிட்டு ஒரு சிறு பையோடு போங்கள். கடப்பிதழை மட்டும் கையில் வைத்திருங்கள். வெளிநாட்டுப் பயணிகளிடம் அதை வாங்கி நகல் எடுப்பார்கள். சிங்கப்பூர்க் கடப்பிதழுக்கு 90 நாள் வரை விசா வேண்டாம். இந்தியக் கடப்பிதழ் வைத்திருப்பவர்கள் இங்கே நிரந்தரவாசியாக இருந்தாலும் விசா எடுக்க வேண்டும்.

கையில் தமிழில் பெயர் பச்சை குத்தியிருக்கிறேன். உள்ளே விடுவார்களா?
– வாசகர், பிடோக்

விடுதிக்கு விடுதி மாறும். சிறிய பச்சை என்றால் தோல்நிற ஒட்டுப்பட்டையால் மறைத்துக்கொள்ளச் சொல்லும் இடங்கள் உண்டு. முன்பே எழுதிக் கேளுங்கள். அல்லது மேலே சொன்ன தனிக் குளியலறையை எடுத்துக்கொள்ளுங்கள்.

பணியாளருக்கு அன்பளிப்பு எவ்வளவு கொடுக்க வேண்டும்? அங்கே கொடுக்கும் யுகாத்தா உடையை வீட்டுக்கு எடுத்து வரலாமா?
– வாசகி, கிளமெண்டி

அன்பளிப்பு தேவையில்லை, மேசைமேல் காசு வைத்துவிட்டு வந்தால், மறந்துவிட்டீர்கள் என்று எண்ணிப் பின்னால் ஓடி வருவார்கள். யுகாத்தாவை அணியும்போது இடப்பக்க மடிப்பு மேலே வரவேண்டும். வலப்பக்கம் மேலே வரும்படி உடுத்துவது அங்கே இறந்தவர்களுக்கு மட்டுமே. அதை உடுத்திக்கொண்டு சாப்பிடலாம், உறங்கலாம், கடைத்தெருவுக்கும் போகலாம். ஆனால் அது விடுதியின் சொத்து. விடுதியின் பெயர் அச்சிட்டு உறையில் போட்டு வைத்திருக்கும் மெல்லிய துண்டு பொதுவாக உங்களுக்கே; அதைத் தாராளமாக எடுத்து வாருங்கள்.